கான்ட்ரடிக்டரி: எல்லா முரணும் ஒரே முரண் இல்லை

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் ஒரு தட்டு வடை வாங்கி, மூடி போட்டு மேசையில் வைத்துக்கொள்வோம். உள்ளே ஐந்து வடை: மூன்று உளுந்து, இரண்டு மசால். மூடியைத் திறக்காமலேயே மூன்று பேர் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதல் ஆள்: "எல்லாமே உளுந்து வடைதான்." இரண்டாம் ஆள்: "ஒன்றுகூட உளுந்து வடை இல்லை." மூன்றாம் ஆள்: "உளுந்து வடை அல்லாத வடை ஒன்றாவது இருக்கிறது."

முதல் ஆளும் இரண்டாம் ஆளும்தான் முட்டிக்கொள்கிறார்கள் என்று தோன்றும். மூடியைத் திறந்தால் இருவர் சொன்னதுமே பொய். முதல் ஆளையும் மூன்றாம் ஆளையும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் எந்த வடையை எத்தனை வைத்தாலும் அந்த இருவரில் ஒருவர் சொன்னது மெய், மற்றவர் சொன்னது பொய். இரண்டும் சேர்ந்து மெய்யாகாது, இரண்டும் சேர்ந்து பொய்யாகவும் ஆகாது. தர்க்கம் படிப்பவர்கள் இங்கிலீஷில் கான்ட்ரடிக்டரி என்று சொல்வது இந்த ஜோடியைத்தான். முதல் இருவர் சொன்னதற்கு அங்கே வேறு பெயர்: கான்ட்ரரி. இரண்டும் மெய்யாக முடியாது, ஆனால் இரண்டும் பொய்யாகலாம். அரிஸ்டாட்டில் பிரித்து வைத்த பிரிவு இது. இன்றும் தர்க்கப் பாடங்களில் ஒரு சதுரம் வரைந்து, மூலைக்கு மூலை இழுக்கும் குறுக்குக் கோட்டில் கான்ட்ரடிக்டரியையும் மேல் கோட்டில் கான்ட்ரரியையும் எழுதிக் காட்டுவார்கள்.

அன்றாட இங்கிலீஷ் இவ்வளவு கறார் இல்லை. செய்தித்தாளில் இரண்டு சாட்சிகள் எதிரெதிராகப் பேசினால் கான்ட்ரடிக்டரி என்று எழுதிவிடுவார்கள். இருவருமே பொய் சொல்லியிருக்கலாம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதைத் தவறு என்று திருத்தப் போனால் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் தத்துவக் கட்டுரையிலோ வாதத்தை அலசும் கட்டுரையிலோ 'கறுப்பு இல்லை என்றால் வெள்ளை' என்று தாவினால் அங்கே மதிப்பெண் போகும். சட்டை கறுப்பு என்பதும் வெள்ளை என்பதும் கான்ட்ரரி. நீலச் சட்டை இரண்டையும் பொய்யாக்கிவிடும்.

கறாராகவோ தளர்வாகவோ பயன்படுத்தினாலும் ஒரு நிபந்தனையை விடக்கூடாது. ஒரே பொருள், ஒரே நேரம், ஒரே கோணம். "மழை பெய்கிறது", "மழை பெய்யவில்லை" இரண்டும் அச்சு அசலான முரண் போலத்தான் இருக்கும். ஆனால் ஜூரோங்கில் இருப்பவர் முதலாவதையும் சாங்கியில் இருப்பவர் இரண்டாவதையும் ஒரே நிமிடத்தில் சொல்லலாம், இருவரும் மெய்யே சொல்லலாம். இந்தத் தீவில் அது தினசரி நடப்பு. போன வருடம் ஒரு திட்டத்தை ஆதரித்தவர் இந்த வருடம் எதிர்க்கிறார் என்றால், அதை மட்டும் வைத்து அவரை கான்ட்ரடிக்டரி என்று சொல்ல முடியாது. அவர் மனம் மாறியிருக்கலாம், நிலவரம் மாறியிருக்கலாம். ஒரே பேட்டியின் தொடக்கத்தில் ஆதரித்து முடிவில் எதிர்த்தால்தான் அந்தச் சொல் ஒட்டும். நாம் "முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார்" என்று சொல்வதும் அதைத்தான்.

சொல்லின் வேரைப் பார்த்தால் அது எதோடு ஒட்டும், எதோடு ஒட்டாது என்பது எளிதில் பிடிபடும். லத்தீனில் கான்ட்ரா என்றால் எதிராக, டிகெரெ என்றால் சொல்வது. எதிர்த்துச் சொல்வது. டிக்‌ஷனரி, டிக்டேஷன், வெர்டிக்ட், பிரெடிக்ட் எல்லாவற்றிலும் இருப்பது அதே 'டிக்ட்'. ஆகவே கான்ட்ரடிக்டரி என்பது சொல்லப்படும் விஷயங்களுக்கு உரியது: வாக்குமூலம், அறிக்கை, ஆதாரம், கட்டளை, அறிவுரை. கொஞ்சம் நீட்டினால் உணர்ச்சிகளுக்கும் பொருந்தும், ஏனென்றால் ஒவ்வொரு உணர்ச்சியும் உள்ளுக்குள் ஒன்றைச் சொல்கிறது. பட்டு வேட்டிக்குக் கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து போட்டவரின் உடை கான்ட்ரடிக்டரி ஆகாது, அது எதையும் சொல்லவில்லை. பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதற்கு இன்காங்குருவஸ் என்று தனிச்சொல் இருக்கிறது.

நமக்குச் சிக்கல் வருவது தமிழில் 'முரண்' என்ற ஒரே சொல் எல்லாச் சுமையையும் தாங்குவதால். செய்யுளில் மோனை, எதுகை, இயைபு வரிசையில் முரணும் ஒரு தொடை. இருளும் ஒளியும், இன்பமும் துன்பமும் எதிரெதிரே வந்து நிற்பது அங்கே அழகு, யாரும் யாரையும் மறுக்கவில்லை. தமிழ் இலக்கியம் எடுக்கும் பிள்ளைகள் இந்த முரணை கான்ட்ரடிக்டரி என்று மனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு, இங்கிலீஷ் இலக்கியத் தாளிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். கவிஞர் உளறியிருக்கிறார் என்று பொருளாகிவிடுகிறது. அங்கே எழுத வேண்டியது கான்ட்ராஸ்ட், அல்லது ஆன்டிதெட்டிகல். இன்னொரு பக்கம், நன்னூல் பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது 'மாறுகொளக் கூறல்' என்று ஒன்றைச் சேர்க்கிறது. முன்னே சொன்னதற்கு மாறாகப் பின்னே தானே சொல்வது. செல்ஃப்-கான்ட்ரடிக்டரிக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் தேட வேண்டியதில்லை. அழகான முரணுக்கும் குற்றமான முரணுக்கும் நம் இலக்கணக்காரர்கள் தனித்தனிப் பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். பேச்சுத் தமிழில்தான் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அடுத்து இன்கன்சிஸ்டன்ட். கான்ட்ரடிக்டரியோடு அதிகம் குழம்புவது இதுதான். ஒரு கடைத் தோசை திங்கட்கிழமை முறுகலாக வருகிறது, செவ்வாய்க்கிழமை துவண்டு கிடக்கிறது, புதன்கிழமை நடுவே மாவு வேகவில்லை. கடை இன்கன்சிஸ்டன்ட். தோசைகள் ஒன்றையொன்று மறுக்கவில்லை, தரம் ஒரே சீராக இல்லை. மாற்றி மாற்றிச் செய்பவருக்கு, ஒரு நாள் அனுமதித்ததை இன்னொரு நாள் திட்டுபவருக்கு, இந்தச் சொல்.

இன்கன்சிஸ்டன்ட்டுக்கு 'வித்' சேர்ந்தால் வேறு முகம் வந்துவிடும்: 'அதோடு ஒத்துப்போகாத'. சட்ட இங்கிலீஷ் விரும்பி எடுப்பது இந்த முகத்தைத்தான். சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, அரசமைப்பு நடப்புக்கு வந்த பிறகு இயற்றப்படும் எந்தச் சட்டமும் அரசமைப்போடு இன்கன்சிஸ்டன்ட்டாக இருந்தால், எந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லையோ அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அந்த 'அந்த அளவுக்கு' முக்கியம். கான்ட்ரடிக்டரி என்று எழுதியிருந்தால், ஒரு சட்டம் அரசமைப்பை நேருக்கு நேர் மறுத்தால்தான் விழும் என்று வாதாட இடம் கிடைத்திருக்கும். இன்கன்சிஸ்டன்ட் என்பதில் அந்த ஓட்டை இல்லை. இரண்டும் சேர்ந்து நிற்க முடியாவிட்டால் போதும், அதிலும் நிற்காத பகுதி மட்டும் விழும்.

சாட்சியச் சட்டத்தின் 157ஆவது பிரிவு இரண்டு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக் காட்டுகிறது. சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் வழிகளில் ஒன்றாக, மறுக்கப்படக்கூடிய சாட்சியத்தின் எந்தப் பகுதியோடாவது ஒத்துப்போகாத முந்தைய வாக்குமூலத்தை நிரூபிப்பதைச் சொல்கிறது. 'ஒத்துப்போகாத' என்ற இடத்தில் இன்கன்சிஸ்டன்ட் வித், 'மறுக்கப்படக்கூடிய' என்ற இடத்தில் கான்ட்ரடிக்ட் என்ற வினை. போலீசிடம் "கார் வெள்ளை" என்றவர் நீதிமன்றத்தில் "நிறம் ஞாபகம் இல்லை" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பேச்சை இரண்டாவது நேரடியாக மறுக்கவில்லை, ஆனால் இரண்டும் ஒட்டவும் இல்லை. இன்கன்சிஸ்டன்ட் என்ற சொல்லுக்கு அகலம் அதிகம் என்பதற்கு இது நல்ல உதாரணம். கான்ட்ரடிக்டரி எல்லாம் இன்கன்சிஸ்டன்ட்டே. இன்கன்சிஸ்டன்ட் எல்லாம் கான்ட்ரடிக்டரி ஆகாது.

கட்டளைகள் வரும்போது மெய், பொய் என்ற சோதனை உதவாது. "கதவைச் சாத்து" என்பது மெய்யும் இல்லை பொய்யும் இல்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டையும் ஒரே ஆள் நிறைவேற்ற முடியுமா? தீத்தடுப்புக் கதவு ஒன்றில் மேலே "எப்போதும் மூடியே இருக்க வேண்டும்" என்றும் கீழே "மூடாதீர்கள்" என்றும் ஒட்டியிருந்தால் கான்ட்ரடிக்டரி இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ். ஆனால் ஒரு மேலாளர் "அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் கொடு" என்றும் இன்னொருவர் "திங்கட்கிழமைக்குள் கொடு" என்றும் சொன்னால் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டால் இருவர் சொல்லும் நிறைவேறிவிடும். இரண்டாமவர் "திங்களுக்கு முன்னால் அனுப்பாதே" என்று சொன்னால்தான் முட்டும். அலுவலகத்தில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பாதி 'முரண்கள்' இப்படி ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் காணாமல் போகும்.

இப்படிப்பட்ட இடங்களில் கன்ஃப்ளிக்டிங் என்ற சொல் இன்னும் இயல்பாக விழும். கன்ஃப்ளிக்டிங் அட்வைஸ், கன்ஃப்ளிக்டிங் ரிப்போர்ட்ஸ் என்று சேர்த்துச் சொல்வது இங்கிலீஷ்காரர்களுக்கு வாய்ப்பழக்கம். மோதுகிறது என்று மட்டும் சொல்லும், யார் சரி யார் தப்பு என்று தீர்ப்பு எழுதாது. கான்ட்ரடிக்டரியில் குற்றச்சாட்டு வாடை கொஞ்சம் உண்டு.

பாரடாக்சிகல் தனிக் குடும்பம். கிரேக்கத்தில் பாரா என்றால் மாறாக, டாக்சா என்றால் பொதுவான எண்ணம். எதிர்பார்ப்புக்கு மாறாகத் தோன்றும், ஆனால் மெய்யாக இருக்கும். சிங்கப்பூரில் இதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை கொட்டும் தீவு, தண்ணீருக்குத் தவிக்கும் தீவு. முதல் பார்வைக்கு இரண்டும் ஒரே வாக்கியத்தில் உட்காராது. காரணத்தைச் சொன்னதும் உட்கார்ந்துவிடும்: விழும் மழையைப் பிடித்து வைக்க நிலம் போதாது, நிலத்தடி நீர்வளமும் கிடையாது. அதனால்தான் ஜோகூரோடு 1962இல் போட்டு 2061 வரை செல்லும் ஒப்பந்தம், அதனால்தான் 2003 முதல் புதுநீர் (சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் கழிவுநீர்), அதனால்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். இந்த நிலையை ஜிபி (ஜெனரல் பேப்பர் என்ற பொதுத்தாள்) கட்டுரையில் கான்ட்ரடிக்டரி என்று எழுதினால், இரண்டில் ஒன்று பொய் என்று சொன்னதாகிவிடும். பாரடாக்சிகல் என்று எழுதினால், இரண்டும் மெய், எப்படி என்று அடுத்த வரியில் விளக்கப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாகும். அந்த வாக்கைக் காப்பாற்றாமல் அடுத்த பத்திக்கு ஓடுவது மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கும் குறை. மருத்துவத்திலும் இதே பொருள்தான். தூங்க வைக்க வேண்டிய மருந்து சிலரைப் பரபரப்பாக்கிவிடுவதை பாரடாக்சிகல் ரியாக்‌ஷன் என்பார்கள். நடக்கிறது, ஆனால் எதிர்பாராதது.

'தோன்றுவது' என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமானால் சீமிங்லி கான்ட்ரடிக்டரி என்று எழுதலாம், பாரடாக்சிகலுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்து வீடு. அப்பேரன்ட்லி என்ற சொல்லை அந்த இடத்தில் போட்டால் 'கேள்விப்பட்டவரை' என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. சீமிங்லி பாதுகாப்பானது.

ஆக்சிமரானிக் என்பதை நீண்ட வாதத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு மூன்று சொல் ஒட்டிக்கொண்டு நிற்கும் தொடருக்கு மட்டும் அது. தமிழில் 'நடைப்பிணம்' அப்படிப்பட்ட தொடர். பிணம் நடக்காது, ஆனால் சொல்லும்போது பொருள் பளிச்சென்று விளங்குகிறது. 'இன்ப வேதனை' இன்னொன்று. கிரேக்கத்தில் ஆக்சிஸ் என்றால் கூர்மை, மோரோஸ் என்றால் மழுங்கல். அந்தச் சொல்லே ஒரு நடைப்பிணம்தான்.

ஐரானிக்கையும் ஹிப்போகிரிட்டிகலையும் சுருக்கமாக முடித்துவிடலாம். டெங்கி ஒழிப்புச் சுவரொட்டி ஒட்டிய தூணுக்குக் கீழே பூந்தொட்டித் தட்டில் கொசுப்புழு நெளிந்தால் ஐரானிக். அந்தச் சுவரொட்டியை ஒட்டச் சொன்னவர் வீட்டிலேயே தேங்கிய தண்ணீர் இருந்து, தெரிந்தும் கொட்டாமல் விட்டிருந்தால் ஹிப்போகிரிட்டிகல். நம் 'ஊருக்கு உபதேசம்'. அவருடைய செயல் அவர் பேச்சை கான்ட்ரடிக்ட் செய்கிறது என்று வினையாகச் சொல்வதும் சரியான இங்கிலீஷே. ஆம்பிவலன்ட் என்பதைப் பலர் 'அக்கறை இல்லாத' என்று நினைக்கிறார்கள். நேர் எதிர். அக்கறை இரண்டு பக்கமும் இழுப்பதால் வரும் நிலை அது, 'இரண்டு மனசு'. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1910 வாக்கில் உருவாக்கிய கலைச்சொல் பொதுப்பேச்சுக்கு இறங்கி வந்தது. அக்கறையில்லாதவர் இன்டிஃபரன்ட்.

இனி இலக்கணம். மாணவர்களும் பெரியவர்களும் ஒருசேர வழுக்கி விழும் இடம் முன்னிடைச்சொல். தமிழில் 'அதற்கு முரணானது' என்போம், நான்காம் வேற்றுமை. 'அதோடு முரண்படுகிறது' என்போம், மூன்றாம் வேற்றுமை. 'அதற்கு எதிராக' என்றும் சொல்வோம். இந்த மூன்றும் மண்டைக்குள் ஓடும்போது இங்கிலீஷில் 'கான்ட்ரடிக்ட் டு', 'கான்ட்ரடிக்ட் வித்', 'கான்ட்ரடிக்ட் அகெய்ன்ஸ்ட்' என்று மூன்று தவறும் வரிசையாகப் பிறக்கும். கான்ட்ரடிக்ட் என்ற வினைக்கு எதுவும் வேண்டாம். நேரடியாகச் செயப்படுபொருளை எடுக்கும், 'அதை மறுக்கிறது' என்பது போல. மனத்தில் 'முரண்படு' என்பதற்குப் பதில் 'மறு' என்று மொழிபெயர்த்துக்கொண்டால் இந்தத் தவறு தானாக நின்றுவிடும். அகெய்ன்ஸ்ட் போடுவது கூடுதல் அபத்தம், ஏனென்றால் 'எதிராக' என்பது கான்ட்ராவுக்குள்ளேயே இருக்கிறது. பெயரடைக்கு வந்தால் கான்ட்ரடிக்டரி டு என்று எழுதலாம், சரிதான், ஆனால் கனமாக இருக்கும். பெரும்பாலும் வினையே நன்றாக ஓடும். மற்றவற்றை இப்படி நினைவில் வைக்கலாம்: கான்ட்ரரிக்கும் ஆன்டிதெட்டிகலுக்கும் 'டு', இன்கன்சிஸ்டன்ட்டுக்கும் இன்கம்பாட்டிபிளுக்கும் (சேர்ந்து இருக்க முடியாத) 'வித்'.

ஒருமை, பன்மையிலும் ஒரு பொறி இருக்கிறது. கான்ட்ரடிக்டரி ஸ்டேட்மென்ட்ஸ் என்று பன்மையில் சொன்னால் அவை ஒன்றையொன்று மறுக்கின்றன என்று கேட்பவர் புரிந்துகொள்வார். ஈச் அதர் என்று மேலும் நீட்ட வேண்டியதில்லை. அதையே ஒருமையில், அவர் கொடுத்த ஸ்டேட்மென்ட் கான்ட்ரடிக்டரி என்று நிறுத்தினால் இரண்டு பொருள் வரும். அந்த ஒரே வாக்குமூலம் தனக்குள்ளேயே இடிக்கிறதா? இல்லை, வேறொருவர் வாக்குமூலத்தை மறுக்கிறதா? உரிமை கோரும் கடிதம், புகார்க் கடிதம் போன்றவற்றில் இந்த மயக்கம் விலை வைக்கும். தனக்குள்ளேயே இடித்தால் செல்ஃப்-கான்ட்ரடிக்டரி என்று எழுதுங்கள். ஆளைச் சொல்வதானால் 'ஹீ கான்ட்ரடிக்டட் ஹிம்செல்ஃப்'. பிறரோடு இடித்தால் எதை மறுக்கிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

கான்ட்ரடிக்டிங் ஸ்டேட்மென்ட்ஸ் என்று எழுதுவது பெரிய குற்றம் இல்லை, ஆனால் படிப்பவர் காதில் உறுத்தும். 'இங்' வேண்டுமானால் கன்ஃப்ளிக்டிங்கை எடுங்கள், கான்ட்ரடிக்ட்டை எடுத்தால் 'ஓரி' சேருங்கள். கான்ட்ரடிக்டரிலி என்ற வினையடை அகராதியில் இருக்கிறது, வாழ்க்கையில் கிடையாது. பாரடாக்சிகலி என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கலாம், கான்ட்ரடிக்டரிலி என்று தொடங்க வேண்டாம். 'வெரி' சேர்ப்பதும் நன்றாக இராது. பேச்சு முழுக்க முரண் என்றால் டீப்லி, நேருக்கு நேர் மறுத்தால் வினையோடு ஃப்ளாட்லி.

'ஆன் தி கான்ட்ரரி' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இது இடம் மாறி உட்காருவதற்குக் காரணம் 'மாறாக' என்ற நம் சொல். 'சிங்கப்பூர் சிறிய நாடு. மாறாக, இந்தோனீசியா பெரியது' என்று தமிழில் எழுதலாம். 'அவர் சோம்பேறி இல்லை. மாறாக, இரவு பகலாக உழைப்பவர்' என்றும் எழுதலாம். இங்கிலீஷ் இந்த இரண்டையும் ஒன்றாக வைக்காது. முதலாவது இரண்டு நாடுகளை ஒப்பிடுகிறது, இரண்டும் மெய். அதற்கு இன் கான்ட்ராஸ்ட் அல்லது பை கான்ட்ராஸ்ட். இரண்டாவதில் ஒரே ஆளைப் பற்றிய ஒரு தப்பெண்ணம் மறுக்கப்படுகிறது. அங்கேதான் ஆன் தி கான்ட்ரரி. சோதித்துப் பார்க்க எளிய வழி: அந்த இடத்தில் 'அட, அப்படி இல்லவே இல்லை' என்று போட்டுப் படியுங்கள். பொருந்தினால் ஆன் தி கான்ட்ரரி. 'சிங்கப்பூர் சிறிய நாடு. அட, அப்படி இல்லவே இல்லை, இந்தோனீசியா பெரியது' என்றால் சிரிப்புத்தான் வரும்.

உயர்நிலைப் பள்ளியில் கான்ட்ரடிக்ட் என்ற சொல் அதிகம் புழங்கும் இடம் இங்கிலீஷ் தாளைவிட வரலாறும் சோஷியல் ஸ்டடீசும். சோர்ஸ் அடிப்படையிலான கேள்விகளில் ஒரு சான்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு நம்பலாமா என்று சொல்ல வேண்டும். அங்கே நடக்கும் தவறு இலக்கணத் தவறு இல்லை, பொருள் தவறு. சோர்ஸ் ஏ ஒரு கலவரம் ஏன் தொடங்கியது என்று பேசுகிறது. சோர்ஸ் பி அதில் எவ்வளவு சேதம் என்று பேசுகிறது. ஒன்று கடுமையான தொனியிலும் மற்றது மென்மையாகவும் இருப்பதைப் பார்த்து 'பி, ஏயை கான்ட்ரடிக்ட் செய்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அதனால் முட்டவே வழியில்லை. முதலில் இரண்டு சான்றும் பேசும் பொதுவான புள்ளி ஒன்றைப் பிடிக்க வேண்டும்: 'கலவரத்தைத் தொடங்கியது யார்' என்பது போல. அந்தப் புள்ளியில் ஏ என்ன சொல்கிறது, பி என்ன சொல்கிறது, இரண்டிலிருந்தும் சான்று வரி. அதன் பிறகுதான் கான்ட்ரடிக்ட்ஸ். இன்னொன்றும் உண்டு: பி மறுத்துவிட்டது என்பதாலேயே ஏ பொய்யாகிவிடாது. வடைத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள், இருவருமே தவறாக இருக்கலாம். அதனால் பியை நம்புவதற்கு என்ன காரணம் என்பதையும் எழுதாமல் முடித்தால் விடை பாதியில் நிற்கும்.

வேலையிடத்தில் நிலைமை வேறு. விலைப்பட்டியலில் 1,250 வெள்ளி, பொருள் இறக்கிய சீட்டில் 1,205 வெள்ளி. இதற்கு கான்ட்ரடிக்டரி என்று மின்னஞ்சல் போட்டால், எதிரில் இருப்பவரைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி இருக்கும். எண்கள் ஒத்துப்போகாததற்குத் தனிப் பெயர்ச்சொல் இருக்கிறது, டிஸ்க்ரெபன்சி. 'தேர் சீம்ஸ் டு பி எ டிஸ்க்ரெபன்சி பிட்வீன்' என்று தொடங்கி இரண்டு ஆவணத்தின் பெயரையும் இரண்டு தொகையையும் எழுதினால் போதும், யாரையும் குத்தாது. பேச்சில் இங்கே எல்லாரும் 'டேலி ஆகலை' என்போம். அது சிங்கிலீஷ் என்று கூச்சப்பட வேண்டாம். டேலி வித் என்பது நல்ல பிரிட்டிஷ் இங்கிலீஷ்தான், 'டஸ் நாட் டேலி வித்' என்று முழுசாக எழுதினால் எந்த அலுவலகக் கடிதத்திலும் செல்லும். ஒப்பந்தம் எழுதும்போது மறுபடி இன்கன்சிஸ்டன்சிக்குத் திரும்ப வேண்டும். ஒரே ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால், இரண்டுக்கும் இடையே ஏதாவது இன்கன்சிஸ்டன்சி வந்தால் இன்ன மொழிப் பிரதியே செல்லும் என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படிப்பது நல்லது. தமிழ்ப் பிரதியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவருக்கு அது முக்கியமான வரி.

எழுத்துக்கூட்டு: கடைசி மூன்று எழுத்து ஓ, ஆர், வொய். டிக்‌ஷனரியின் நினைவில் ஏ, ஆர், வொய் போட்டுவிடுவது வழக்கமான பிழை. உச்சரிப்பில் அழுத்தம் மூன்றாவது அசையில், 'டிக்' என்ற இடத்தில். நம் ஆட்கள் 'கான்ட்ராடிக்டரி' என்று ராவை நீட்டுவார்கள். அங்கே நீட்டல் இல்லை, ர என்று தேய்ந்து போகும். முடிவும் 'டோரி' அல்ல, 'டரி', வேகமாகச் சொன்னால் வெறும் 'ட்ரி'.

கான்ட்ரரிக்கு இரண்டு உச்சரிப்பு உண்டு, இரண்டுக்கும் பொருள் வேறு. முதல் அசையை அழுத்தி 'கான்'ட்ரரி என்றால் எதிரான, மாறான. இதுவரை பார்த்தது எல்லாம் அதுதான். இரண்டாவது அசையை அழுத்திக் கன்'ட்ரேரி' என்றால் ஆளைக் குறிக்கும். வா என்றால் போவது, போ என்றால் உட்கார்ந்துகொள்வது, சாப்பிடு என்றால் பசியில்லை என்பது, தட்டை எடுத்ததும் பசிக்கிறது என்பது. அகராதி அதற்கு நீளமாக விளக்கம் எழுதியிருக்கும். நம் வீட்டில் 'ஏட்டிக்குப் போட்டி' என்போம்.